வலது விலாவில் நீலப் புள்ளிகள்

இந்த வருடம் பிப்ரவரி பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, காலை ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம். பனி இறங்கி மேற்கு மலை தெரியவில்லை. காற்று இல்லை. வாசல் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி பதினெட்டு டிகிரி காட்டியது. அந்த நேரத்தில் என் மனைவி கையில் சிலம்பக் கம்போடு நின்று சொன்னாள்:

"இந்த வருசமும் அவகிட்டத் தோத்தேன்னா இந்தக் கம்ப ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன். அதுக்குப் பெறகு மைதானத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன். எழுதி வச்சுக்கங்க."

எழுதி வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு. இருந்தாலும் அவள் சொன்னால் செய்வாள். முப்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் சொல்லிச் செய்யாமல் விட்டது இரண்டே இரண்டு. இரண்டுமே எனக்கு நல்லதாகத்தான் முடிந்தன.

அவள் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் வைகை அணையில் நீர்மட்டம் குறிக்கும் வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். காலை ஆறு மணி, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை அளவுகோலைப் பார்த்து எழுதிய கை சும்மா இருக்காது. மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் சொந்த ஊருக்குத் திரும்பிய பிறகு அளக்கவும் எண்ணவும் ஒன்றும் இல்லாமல் எனக்குத் தூக்கம் கெட்டுப்போயிருந்தது. மனைவிக்கு முழங்கால் வலி. நடக்கச் சொன்னார் மருத்துவர். நடப்பது சலிப்பாக இருக்கிறது என்று அவள் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் மைதானத்தில் நடக்கும் பெண்கள் சிலம்ப வகுப்பில் சேர்ந்துவிட்டாள். திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறு முதல் ஏழு வரை. மொத்தம் பதினாலு பெண்கள். சொல்லிக்கொடுப்பவள் தையல்கடை வைத்திருக்கும் முப்பத்திரண்டு வயதுப் பெண். பதினாலு பேரில் பதின்மூன்று பேர் அவளைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் என் மனைவியைப் பெரியம்மா என்பாள், என்னைப் பெரியப்பா என்பாள்.

கம்பைச் சுற்றிக் காட்டுவதோடு அவர்கள் நிற்பதில்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று உண்மையாகவே விளையாடுவார்கள். கம்பின் நுனியில் துணியைச் சுற்றி, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் முக்கி எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பேருமே வெள்ளை மேல்சட்டை. கழுத்துக்குக் கீழே எங்கே தொட்டாலும் ஒரு நீலப் புள்ளி விழும், ஒரு புள்ளிக்கு ஒரு மதிப்பெண். தொட்டவுடன் ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள். இரண்டு நிமிடம் முடிந்து விசில் ஊதிய பிறகுதான் சட்டையைப் பார்த்து எண்ணுவார்கள். தலைக்குக் கவசம் உண்டு. அதை மூன்று தடவை விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் நான் சம்மதித்தேன்.

போன வருடம் தேனியில் நடந்த போட்டியில், ஐம்பது வயது தாண்டிய பெண்கள் பிரிவில், தேவதானப்பட்டிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் ஏழுக்கு ஒன்பது என்று என் மனைவி தோற்றாள். தோற்றதுகூடப் பரவாயில்லை. கை குலுக்கும்போது அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "நல்லாத்தான் வெளையாடுறீக மதினி. வீட்ல கோழி வெரட்டப் பழகுன கையி, வீண் போகல" என்று சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் கோழியே கிடையாது. அதைத் திரும்பி வரும் பேருந்தில் சின்னமனூர் வரைக்கும் மனைவி என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அடுத்த போட்டி ஏப்ரல் இருபத்தைந்து, சனிக்கிழமை. எழுபத்துமூன்று நாள் இருந்தது. 'நன்றாக விளையாட வேண்டும்' என்பது ஒரு குறிக்கோளே இல்லை என்று நான் அவளிடம் சொன்னேன். அணையில் 'தண்ணீர் நிறைய இருக்கிறது' என்று எழுதினால் மேலதிகாரி தாளைக் கிழித்து எறிவார். எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று சொல்ல வேண்டும். ஒரு நோட்டு வாங்கி, பக்கத்துக்கு ஒரு மனித உருவம் வரைந்து, தினமும் அவள் சட்டையில் விழும் புள்ளிகளை அதில் குறித்தேன். துணி துவைப்பது எங்கள் வீட்டில் நான்தான். அதனால் எந்தப் புள்ளியும் என் கண்ணுக்குத் தப்பாது.

முதல் குறிக்கோளை நான் வைத்தேன். இரண்டு நிமிட ஆட்டத்தில் நான்கு புள்ளிக்கு மேல் வாங்கக்கூடாது. அதை எட்டியதும் மூன்று. அதையும் எட்டியதும் இரண்டு.

மார்ச் ஆறாம் தேதி, பதினோராவது பயிற்சி நாள், அவள் சட்டையில் ஒரே ஒரு புள்ளி. இடது முழங்கைக்கு மேலே, மிளகு அளவு. நான் நோட்டை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனேன்.

"பாத்தியாம்மா? ஒம்போதுல இருந்து ஒண்ணு."

டீச்சர் நோட்டைப் பார்க்கவில்லை. "பெரியப்பா, ஜோடிக்காரக்கா சட்டையப் பாத்தீகளா?" என்றாள்.

பார்த்தேன். பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் அந்தப் பெண்தான் என் மனைவிக்குத் தினசரி ஜோடி. அவள் சட்டை சலவைக்குப் போய் வந்த மாதிரி இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை.

"பெரியம்மா பின்னாலயே போறாக. இன்னம் ரெண்டு நாள் விட்டா ரோட்டுக்கே போயிருவாக."

மறுபடி விளையாடச் சொல்லி எண்ணினேன். இரண்டு நிமிடத்தில் பின்னால் வைத்த காலடி நாற்பத்தொன்று. அடி வாங்காதே, வாங்காதே என்று மூன்று வாரமாக நான் சொல்லிச் சொல்லி அவளை ஓட வைத்திருக்கிறேன். அணையில் வெளியே போகும் தண்ணீரை மட்டும் எழுதிவிட்டு வரும் தண்ணீரை எழுதாமல் விட்டவன் கதைதான்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வாய்க்கால் பாலம் தாண்டியதும் சொன்னாள்: "ஒங்க நோட்டுல நான் ஜெயிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். சந்தோசம்."

இரண்டாவது குறிக்கோளை அவளும் டீச்சரும் சேர்ந்து வைத்தார்கள். ஒரு ஆட்டத்துக்கு நான்கு தடவை தொட வேண்டும். பிறகு ஆறு. வாங்குவதைப் பற்றி யாரும் பேசக்கூடாது, முக்கியமாக நான் பேசக்கூடாது. எழுத மட்டும் அனுமதி.

அவள் முன்னால் போக ஆரம்பித்தாள். வீச்சில் ஒரு சத்தம் வந்தது. நான்கு தொட்டாள். ஆனால் நான்கு வாங்கினாள். அடுத்த நாள் ஐந்து தொட்டாள், ஐந்து வாங்கினாள். மார்ச் இருபதாம் தேதி ஆறு தொட்டு ஏழு வாங்கினாள். கூடக் கூடத் தொட்டால் கூடக் கூட வாங்குகிறாள். முன்னால் போனால் அடி விழும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இப்படி ஒன்றுக்கு ஒன்று என்று ஏன் விழ வேண்டும்? அந்தக் கணக்கு என்னை அரித்தது. இரண்டு நாள் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். புள்ளிகள் முக்கால்வாசியும் ஒரே இடத்தில் விழுந்திருந்தன. வலது விலா, அக்குளுக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்குள். இரண்டு கையும் கம்பில் இருந்தால் அந்த இடம் மூடியிருக்கும். அங்கே கம்பு நுழையவே முடியாது.

மார்ச் இருபத்துமூன்று, திங்கள்கிழமை. டீச்சரின் விசில் தொலைந்து போயிருந்ததால் என் கைப்பேசியில் நேரம் பார்த்து 'நிறுத்து' என்று சொல்லும் வேலை எனக்கு வந்தது. இடது கையில் கைப்பேசி, வலது கையில் பென்சில். ஆட்டம் தொடங்கி இருபது விநாடியில் என் மனைவி ஜோடிக்காரியின் தோளைத் தொட்டாள். அருமையான தொடுதல். வழக்கம்போலச் சிலுவை அடையாளம் போட என் வலது கை நெற்றிக்குக் கிளம்பியது. பென்சில் நெற்றியில் குத்தியது. அதனால் கை நின்றது. கண்ணும் மூடவில்லை.

மூடாத கண்ணால் பார்த்தேன். என் மனைவியின் வலது கை கம்பை விட்டது. தலைக்கவசத்தைத் தொட்டது, நெஞ்சுக்கு வந்தது, இடது தோளுக்குப் போனது, வலது தோளுக்குப் போனது. அதற்குள் ஜோடிக்காரியின் கம்பு வந்து வலது விலாவைத் தொட்டுவிட்டுப் போயிற்று.

எத்தனை வாரமாக அந்த மைதானத்தில் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்! அவள் தொடும் ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லிச் சிலுவை போட்டிருக்கிறாள். அதே நேரத்தில் நானும் தலை குனிந்து, கண்ணை மூடிச் சிலுவை போட்டிருக்கிறேன். நான் பார்க்காத ஒரே விநாடியில்தான் எல்லாம் நடந்திருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் ஜோடிக்காரியிடம் கேட்டேன். "தொறந்து கெடந்துச்சு சித்தப்பா, தொட்டேன்" என்றாள். அவளும் எங்கள் கோயில்தான். ஆனால் அவள் ஆட்டத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று சிக்கனமாக முடித்துக்கொள்கிறவள்.

டீச்சரிடம் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். "எனக்குத் தெரியும் பெரியப்பா. சாமி விசயம். நான் வேற கோயிலு. கும்புடாதீகன்னு நான் எந்த வாயால சொல்றது?"

அந்த மரியாதையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முப்பத்துமூன்று நாள்தான் இருந்தது.

வீட்டில் அவள் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். அரிவாள்மணையை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப சாமிக்கு நன்றி சொல்லக்கூடாதுங்குறீக. அதுவும் தவக்காலத்துல."

"சொல்லு. விசில் ஊதுன பெறகு சொல்லு."

"அதுவரைக்கும் சாமிய ஓரமா நிக்கச் சொல்லவா? நீங்க வேணா ஆபீஸ்ல அப்படி நின்னுருப்பீக."

"கை தானாப் போகுதுல்ல, அதத்தான் சொல்றேன்."

"அம்பது வருசமாப் போற கையி. தல சீவும்போது ரெண்டு முடி உதிர்ந்தாக்கூடச் சிலுவை போடுறவ நான். இப்ப நிப்பாட்டுன்னா நிக்குமா?"

ஆறு துண்டு நறுக்கினாள். ஏழாவது துண்டில் குரல் இறங்கியது. "நான் கும்புடுறதாலதான் தோத்தேன்னு சொல்றீகளா?"

இல்லை என்று சொன்னேன். அவள் கண்ணைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று தோன்றியது. "நான் வெளிய சும்மாத்தானே நிக்கிறேன். ஒன் சிலுவையையும் சேத்து நானே போடுறேன். நீ தொடு. ஒரு தொடலுக்கு ஒண்ணு, தப்பாமப் போடுறேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முருங்கைக்காய் மடியில் இருந்து உருண்டது. "எண்ணிப் போடுவீக. அது ஒண்ணு நம்பலாம்" என்றாள்.

மூன்றாவது குறிக்கோளை நோட்டில் பெரிய எழுத்தில் எழுதினேன்: ஆட்டத்தில் வலது கை கம்பை விடக்கூடாது. இதுவும் எண்ணக்கூடியது. பெரிய வெள்ளியை விட்டால் பதின்மூன்று பயிற்சி நாட்கள். முதல் நாள் கை ஏழு தடவை கிளம்பியது. அடுத்த நாள் ஆறு. பிறகு மறுபடி ஆறு. பிறகு நான்கு, பிறகு ஐந்து. அந்த ஐந்து அன்று நான் இரவு சாப்பாடு சரியாக இறங்காமல் படுத்தேன். கோட்டுக்கு வெளியே நின்று அவள் தொட்ட மறு விநாடியே "கையி!" என்று கத்துவேன். கத்திக்கொண்டே சிலுவையும் போடுவேன். மற்ற பெண்கள் இதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துத் தங்கள் ஆட்டத்தை விட்டார்கள்.

"என்னக்கா, மாமா இங்கன பூசை வைக்கிறாரா?"

"பேசாம வெளையாடுடி. இவுக எனக்காக வேல பாக்குறாக. கல்யாணமாகி மொதத் தடவை."

ஏப்ரல் பதினைந்தாம் தேதி கை ஒரு தடவைகூடக் கிளம்பவில்லை. அன்று ஏழு தொட்டு இரண்டு வாங்கினாள். இருபதாம் தேதி ஒரு தடவை கிளம்பிப் பாதியில் இறங்கியது. அதை அரை என்று எழுதினேன்.

போட்டி நாள், தேனியில் ஒரு பள்ளி மைதானம். பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. ஐம்பது வயது தாண்டிய பிரிவில் ஐந்து பேர். என் மனைவி முதல் ஆட்டத்தை எளிதாக ஜெயித்தாள். இறுதி ஆட்டத்தில், நாங்கள் எதிர்பார்த்தபடியே, எதிரே மாந்தோப்புக்கார அம்மா. வயது ஐம்பத்துநான்கு, நல்ல உயரம், என் மனைவியைவிட நான்கு விரல் கூட.

"வாங்க மதினி. கோழியெல்லாம் சௌக்கியமா?"

"வித்துட்டேன் ஆத்தா. அந்தக் கம்புதான் இது."

தலா இரண்டு நிமிடம், இரண்டு சுற்று. முதல் சுற்றில் முதலில் தொட்டது என் மனைவிதான். தொட்டவுடன் வலது கை கிளம்பிவிட்டது. முப்பத்துமூன்று நாள் பாடுபட்டது அந்த ஒரு விநாடியில் காற்றில் போயிற்று. கவசத்தைத் தொடுவதற்குள் விலாவில் நீலம் விழுந்தது. நான் "கையி!" என்று அலறினேன். நடுவர் என் பக்கம் திரும்பி, இன்னொரு சத்தம் வந்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று விரலைக் காட்டினார். அதற்குப் பிறகு அவள் கை கம்பை விடவில்லை. ஆனால் விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் உடம்பு விறைத்துப் போயிருந்தது. முதல் சுற்று நான்குக்கு ஐந்து. பின்தங்கியிருந்தாள்.

இடையில் ஒரு நிமிடம். டீச்சர் மட்டும்தான் உள்ளே போகலாம். எனக்குச் சொல்ல வேண்டியது பதினைந்து விஷயம் இருந்தது. இடது காலை இன்னும் கொஞ்சம் அகட்டு, தண்ணீரைக் கடகடவென்று குடிக்காதே, முழங்கால் உறை நழுவுகிறது பார். எதையும் சொல்ல முடியாது. டீச்சர் காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருக்க, என் மனைவி கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்ததும் நான் வலது கையை நெற்றிக்குக் கொண்டு போய், எல்லோரும் பார்க்கும்படி, பெரிதாக ஒரு சிலுவை போட்டேன். அவள் கவசத்துக்குள் சிரித்ததில் பல் தெரிந்தது. தோள் இரண்டும் இறங்கின.

இரண்டாவது சுற்று தொடங்கியது. அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள், தொட்டாள். நான் சிலுவை போட்டேன். எதிரே அந்த அம்மாவின் கம்பு வலது விலாவைத் தேடி வந்தது. இரண்டு கையும் கம்பில் இருந்தன. மரத்தில் மரம் மோதியது. அடுத்த மூச்சில் என் மனைவி இடுப்பைத் தொட்டாள். சிலுவை. தோளைத் தொட்டாள். சிலுவை. ஒன்று வாங்கினாள். திரும்ப வயிற்றைத் தொட்டாள். அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்கே கம்பைக் கொண்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் அங்கே கதவு சாத்தியிருந்தது.

பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார். "என்னண்ணே, யாருக்கும் பேய் ஓட்டுறீகளா?"

"என் வீட்டுக்காரி. நீங்க சும்மா இருங்க, எண்ணிக்கிட்டு இருக்கேன்."

அப்படிச் சொன்ன அதே நொடியில் எனக்குத் தெரிந்தது, நான் எண்ணவில்லை. சிலுவை போடுவதிலேயே கை ஓடிக்கொண்டிருந்தது. நான்கா, ஐந்தா, ஆறா, தெரியவில்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாள்கூட அளவு எடுக்கத் தவறாதவன், அந்த வெயிலில், வாயைப் பிளந்துகொண்டு, எண்ணிக்கை இல்லாமல் என் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காலடியில் புழுதி பறந்தது. ஐம்பத்தொன்பது வயது. முழங்கால் வலிக்காரி. விசில் ஊதிய பிறகும் இரண்டு சிலுவை அதிகம் போட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

நடுவர் இரண்டு சட்டையையும் பார்த்து எண்ணினார். இரண்டு சுற்றும் சேர்த்துப் பதினொன்றுக்கு எட்டு. பதினொன்று என் மனைவி. நான் உள்ளே ஓடிப்போய் அந்த அம்மாவின் சட்டையை இன்னொரு தடவை எண்ணலாமா என்று கேட்டேன். அவள் கையை விரித்துக்கொண்டு சுற்றிக் காட்டினாள். பதினொன்று சரிதான்.

"மதினி," என்றாள் என் மனைவியிடம், மூச்சு வாங்கிக்கொண்டே, "போன வருசம் நீங்க எப்பச் சிலுவை போடுவீகன்னு காத்துக்கிட்டே நின்னேன். இந்த வருசமும் அந்த ஒண்ணப் பாத்து ஏமாந்தேன். அதுக்குப் பெறகு போடவே இல்லையே? மதம் மாறிட்டீகளோன்னு நெனச்சேன்."

"ஆளு வச்சுட்டேன் ஆத்தா" என்று சொல்லி என்னைக் காட்டினாள்.

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அவள்மேல் இருந்த கோபம் போய்விட்டது. என் மனைவி கம்பைக் கீழே வைத்தாள், கவசத்தைக் கழற்றினாள், மைதானத்து நடுவில் நின்று, நிதானமாக ஒரே ஒரு சிலுவை போட்டாள். பதினொன்று போட வேண்டும் என்று நான் சொன்னேன். "சாமி ஒங்கள மாதிரி நோட்டு வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காது. வாங்க, பசிக்குது" என்றாள்.

பசி அவளுக்கு மட்டும் இல்லை. வகுப்பே கிளம்பி வந்திருந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் பதினாலு பேரும் டீச்சரும் வந்துவிட்டார்கள். டிக்கெட் எடுத்தது நான் ஒருவன்தான், போக வர நாற்பத்தாறு ரூபாய். எல்லோரும் என் பின்னாலேயே பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கடைக்கு நடந்தார்கள். மாந்தோப்புக்கார அம்மாவையும் என் மனைவி கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். என்னையும் சேர்த்துப் பதினேழு மட்டன் பிரியாணி, ஒன்று நூற்றெண்பது. இதற்கு முன்னால் கம்பு மூன்றுக்கு நானூற்றைம்பது, வெள்ளைச் சட்டை இரண்டுக்கு எழுநூறு, முழங்கால் உறைக்கு நானூற்றெண்பது, நுழைவுக் கட்டணம் முந்நூறு, நீலம் ஆறு புட்டிக்கு நூற்றைம்பது, நோட்டு நாற்பது. கடையை விட்டு வெளியே வந்ததும், மைதானத்து ஓரத்தில் பிரம்பு விற்றவனிடம் அவள் அடுத்த வருடத்துக்கு என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். திரும்பப் போய் வாங்கினோம். அது இருநூறு. மொத்தம் ஐயாயிரத்து நானூற்று இருபத்தாறு ரூபாய்.